ஃபார்மட் போடும் முன்: வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கைவைத்தியம்

கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணினால் போதும், "ஃபார்மட் போட்டுடலாம்", அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்ற பேச்சுதான் முதலில் எழும். ரேம் (மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை) சரியாக உட்காராமல் திரை கறுப்பாக நிற்கும்போதும், தூசி அடைத்துச் சூடேறும்போதும், ஹார்ட் டிஸ்க்கே சாகக் கிடக்கும்போதும் ஃபார்மட் போட்டு எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் அதில் போகிற பொருள் பெரிது: பிள்ளைகளின் புகைப்படங்கள், ஸ்கேன் செய்துவைத்த பத்திரங்கள், பாதி எழுதிய ப்ராஜெக்ட். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் பார்க்கிற வரிசை ஒன்றுதான். முதலில் கரண்ட், பிறகு இணைப்புகள், அடுத்து சூடு, அடுத்து டிஸ்க், கடைசியில்தான் விண்டோஸ்.

வீட்டில் இருக்க வேண்டிய சாமான் அதிகமில்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு அங்குல அகலத்தில் புது பெயின்ட் பிரஷ், வெள்ளைப் பென்சில் ரப்பர், சிறு பாட்டில் ஐசோபுரொபைல் ஆல்கஹால், சாதாரண மல்டிமீட்டர். இவற்றை ஒரு டப்பாவில் போட்டு கம்ப்யூட்டர் மேஜையிலேயே வைத்துவிடுங்கள்.

பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை

சுவர் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். கரண்ட் இருந்தால், யூ.பி.எஸ்ஸை ஒதுக்கிவிட்டு சி.பி.யு.வின் பவர் கார்டை நேராகச் சுவரில் செருகுங்கள். இப்போது ஓடினால் நோய் யூ.பி.எஸ்ஸில்தான். வீட்டு யூ.பி.எஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும்; அதன் ஆயுள் 2 முதல் 3 ஆண்டு. கரண்ட் போன அதே நொடியில் கம்ப்யூட்டரும் அணைகிறது என்றால் பேட்டரி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், முழு யூ.பி.எஸ்ஸையும் தூக்கிப் போட வேண்டாம். 600 விஏ என்று போட்டிருக்கும் யூ.பி.எஸ் உண்மையில் தருவது சுமார் 360 வாட். அதில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள். அதன் சூடேற்றும் உருளை ஒரே இழுப்பில் அதைவிட அதிகம் கேட்கும்.

அடுத்து சி.பி.யு.வின் பின்புறம். பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கென்று (கரண்டை மாற்றி உள்ளே தரும் பவர் சப்ளை பெட்டி) ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது கை பட்டு அது அணைந்துபோவது சர்வ சாதாரணம். நேர்கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப்.

அதுவும் சரியாக இருந்து உயிர் வரவில்லை என்றால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல் போகும். மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகையில், செருகியிருக்கும் 24 பின் கனெக்டரை உருவி, அதிலுள்ள ஒரே பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணையுங்கள். கிளிப் வைக்கும்போது கரண்ட் அணைந்திருக்க வேண்டும். வைத்துவிட்டுக் கையை எடுத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபேன் அசையவே இல்லை என்றால் அநேகமாக அது போய்விட்டது. சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். லோடு தாங்குமா என்பது இதில் தெரியாது. எல்லா வயரும் கறுப்பாக வரும் மாடல்களில் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். எதுவானாலும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் உள்ளே டி.சி. ஆக மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் அது தங்கியிருக்கக்கூடும்.

சி.பி.யு.வைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா?

"லேசா ஷாக் அடிக்கும், அப்படித்தான்" என்று பல வீடுகளில் பழகிக்கொள்கிறார்கள். பழகக் கூடாத விஷயம் இது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் வெளிப்பெட்டியோடு சேரும். அவற்றின் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கும், ஏறத்தாழ 115 வோல்ட்டில். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று நின்றுவிடுகிறது. ஆனால் யூ.எஸ்.பி. போர்ட்டுகளும் பிரிண்டரும் திடீர் திடீரென்று பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். எஸ்.எம்.பி.எஸ்ஸிலேயே பெரிய பழுது வந்தால் உயிருக்கும் ஆபத்து.

எலக்ட்ரீசியனை அழைத்து மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டைக்கு மாற்றும் கன்வெர்ட்டரை கம்ப்யூட்டருக்குப் பயன்படுத்தாதீர்கள். அது எர்த்தைத்தான் துண்டிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். கூடவே ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் உருவுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் வராது. ஆனால் ரவுட்டரின் அடாப்டரும் செம்புக் கம்பியாலான லேன் கேபிளும் கொண்டுவரும்.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை

முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு மானிட்டரிலோ கேபிளிலோதான். கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி மாட்டுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மதர்போர்டு போர்ட்டில் அல்ல. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி துவங்கும்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை, அல்லது பீப் பீப் என்று கத்துகிறது என்றால் முதல் சந்தேகம் ரேம். கடையில் காசு வாங்கிக்கொண்டு செய்வதில் பாதி இந்த வேலைதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை 10, 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள்; மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கும். ரேமின் ஓரத்திலுள்ள கிளிப்பை வெளிப்பக்கமாகத் தள்ளினால் அது தானே மேலெழும். சில போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். ரேமை ஓரங்களில் பிடித்து, தங்கநிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக, ஒரே திசையில் நான்கைந்து முறை தேயுங்கள். மங்கிய பழுப்பு போய்ப் பளபளப்பு தெரியும். ரப்பர் துகளை பிரஷ்ஷால் தட்டி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் உலர விடுங்கள். ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் அங்கேயே உட்காரும்.

திரும்ப மாட்டும்போது ரேமிலுள்ள வெட்டும் ஸ்லாட்டிலுள்ள மேடும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடவே அழுத்தம் கேட்கும். "கிளிக்" சத்தம் வராமல் விட்டால் அரைகுறையாகத்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பாருங்கள். எது கெட்டது என்று தெரிந்துவிடும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இந்தப் பட்டைகள் சீக்கிரம் மங்கும். அங்கெல்லாம் மழைக்காலத்தில் கம்ப்யூட்டரை வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் ஓடவிடுவது நல்லது. உள்ளேயிருக்கும் ஈரத்தை அந்தச் சூடே விரட்டும்.

ஒவ்வொரு முறையும் தேதி தப்பாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் செல்லை மாற்றுங்கள். பேங்க் தளம், மின்னஞ்சல் எதைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று உலாவி எச்சரிப்பதற்குப் பல வீடுகளில் இந்தச் செல்தான் காரணம். தளங்களின் சான்றிதழுக்குத் துவங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2015இல் இருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது.

ஓடிக்கொண்டே இருந்து பட்டென்று அணைந்தால்

சூடு. மே மாதத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி, கடும் வேலையில் 70 முதல் 85 வரை போவது இயல்பு. 100ஐ நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும்.

பெட்டியைத் திறந்து, பிராசஸர் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி போலப் படிந்திருக்கும். மேலே பளிச்சென்று இருந்தாலும் ஏமாறாதீர்கள், அடைப்பு அந்த இடுக்கில்தான். பிரஷ்ஷால் கிளறி, புளோயரால் மொட்டைமாடியில் வைத்து ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். தெருவோர வீடாக இருந்தால் இரண்டு மாதம்.

இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்கள் தாங்குகின்றன. நான்கில் ஒன்று கழன்றிருந்தாலே சூடு எகிறும், விரலால் தொட்டு ஆட்டிப் பாருங்கள். கூலரைக் கழற்றிவிட்டால் பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்து மாட்ட வேண்டும். நிறையப் பூசினால் நன்றாகக் குளிரும் என்பது தவறு. நுண்ணிய இடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட்; கனமாகப் பூசினால் அதுவே சூட்டுக்குத் தடையாகிவிடும்.

பெட்டியின் பின்புறம் கார்டு ஸ்லாட்டின் தகடுகள் திறந்து கிடந்தால் மூடுங்கள். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பைத் தேடி அந்த வழியாகத்தான் போகும். பல்லி போர்டில் விழுந்து ஷார்ட் ஆனால் மதர்போர்டே போய்விடும். லேப்டாப்பை மெத்தையில் வைக்காதீர்கள், காற்று இழுக்கும் ஓட்டை பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ உள்ளே பேட்டரி ஊதியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை மாற்றக் கொடுங்கள். குத்திப் பார்ப்பதோ அழுத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும்.

ஆமை வேகம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் "பெர்ஃபாமன்ஸ்" பக்கத்தைப் பாருங்கள். சி.பி.யு. (இங்கே பெட்டியல்ல, பிராசஸர்) பத்து சதவீதத்தில் இருக்கும்போது டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் கழுத்தைப் பிடிக்கிறது. ஒரே பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது அது விநாடிக்கு 100 முதல் 150 எம்பி தரும். விண்டோஸ் கேட்பது போலச் சிறுசிறு ஃபைல்களை இங்கும் அங்கும் தேடினால் 1, 2 எம்பிக்கு இறங்கிவிடும். சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யில் சாதாரண சாட்டா வகையே 500 எம்பியைத் தொடும், தேடுவதற்கும் திணறாது. பத்து வருடக் கம்ப்யூட்டருக்குக்கூடச் செய்யத் தகுந்த ஒரே செலவு எது என்று கேட்டால் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்போம். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் 4 ஜிபி ரேமை 8 ஆக்குங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்அப்" பக்கத்தில், கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுந்து வரும் செயலிகள் தெரியும். பிரிண்டர் உதவியாளன், விளையாட்டு லாஞ்சர், மீட்டிங் செயலி போன்றவற்றை "டிஸேபிள்" செய்யுங்கள். அழியாது, தேவைப்படும்போது நீங்களே திறக்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: "ஷட் டவுன்" கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற ஏற்பாடு, உள்கருவைத் தூங்கவைத்து டிஸ்க்கில் எழுதிவிட்டு மறுநாள் அப்படியே எழுப்புகிறது. தினமும் அணைக்கிறோம் என்று நினைக்கும் கம்ப்யூட்டரின் டாஸ்க் மேனேஜரில் "அப் டைம்" 20 நாள் காட்டுவது இதனால்தான். புதிதாய்த் துவங்க வேண்டுமானால் "ரீஸ்டார்ட்" கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தாலே ஒலி வராதது, பிரிண்டர் தெரியாதது, வைஃபை பட்டன் காணாமல் போவது போன்ற பல தொல்லைகள் போய்விடும்.

சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "ஸ்டோரேஜ்", "டெம்பரரி ஃபைல்ஸ்" என்று போய் அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்ற பெட்டியும் இருக்கும். அதில் டிக் இருந்தால் நீங்கள் இறக்கிவைத்த ஹால் டிக்கெட்டும் ரசீதும் சேர்ந்தே போகும். டிக்கை எடுத்துவிட்டு அழியுங்கள்.

டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு அடையாளங்கள்

ஒரு ஃபோல்டரைத் திறந்தால் நிமிடக்கணக்கில் உறைவது, ஃபைல் பெயர்கள் கிறுக்கலாவது, "டக்... டக்..." என்று சீராக ஒரு சத்தம். சத்தம் வந்துவிட்டால் அணைத்துவிடுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளேயிருக்கும் தகட்டைக் கீறக்கூடும்; முக்கியமான தகவல் இருந்தால் தரவு மீட்கும் ஆய்வகம் ஒன்றே வழி. சத்தம் இல்லாவிட்டால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். "ரீஅலோகேட்டட்", "பெண்டிங்" என்ற வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால், முதலில் வேண்டியதை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கருவியான செக் டிஸ்க்கை ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நோஞ்சான் டிஸ்க்கில் அதை முதலில் ஓட்டினால் நடுவிலேயே உயிர் போகலாம்.

காப்பு நகலுக்கு எளிய கணக்கு 3, 2, 1. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் அதிமுக்கியமானவை மட்டும் ஒன்று. நகலெடுத்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே கிடந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவ்

பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருக்கும், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி. உங்கள் ஃபைல் அழியவில்லை, வைரஸ் அதை மறைத்துவைத்திருக்கிறது. அந்த ஷார்ட்கட்டைத் திறந்தால்தான் வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஏறும், அதனால் தொடாதீர்கள். "ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்" திறந்து "வியூ" பக்கத்தில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை என்ற டிக்கையும் எடுங்கள். மங்கலாக உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். சில நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துவிட்டு பென் டிரைவை ஃபார்மட் போடுங்கள். இங்கே ஃபார்மட் சரியான மருந்து. பிறகு டிஃபெண்டரில் "ஆஃப்லைன் ஸ்கேன்" ஓட்டுங்கள், சுமார் 15 நிமிடம் ஆகும். அடுத்த முறை பிரிண்டுக்கு பி.டி.எஃப். ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை முழுக்க வந்து சத்தம் போட்டால் அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் கீயைச் சற்று அழுத்திப் பிடித்து, பிறகு ஆல்ட், எஃப்4 அழுத்தி மூடுங்கள். அழைக்கவும் வேண்டாம், ரிமோட் செயலி நிறுவவும் வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

வைஃபை

ரவுட்டரில் "லாஸ்" (LOS) விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபரிலேயே ஒளி வரவில்லை. பத்து முறை அணைத்துப் போட்டாலும் வராது, இணைப்பு தந்தவரைக் கூப்பிட வேண்டியதுதான். விளக்கு சரியாக இருந்து நெட் மட்டும் இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி 30 விநாடி கழித்துப் போடுங்கள். ரவுட்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள், இரும்பு அலையைத் தடுக்கும். ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளில், பக்கத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், அதே அறையில் வேகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ்.

உண்மையிலேயே ஃபார்மட் தேவைப்படும்போது

விண்டோஸ் துவங்கவே இல்லை என்றால்கூட, முதலில், உள்நுழையும் திரை வரை வந்தால் "ரீஸ்டார்ட்"டை ஷிஃப்ட் அழுத்தியபடி கிளிக் செய்து, அதுவும் வராவிட்டால் லோகோ வரும்போது பவர் பட்டனைப் பிடித்து மூன்று முறை அணைத்து, பழுதுநீக்கும் திரைக்கு வாருங்கள். "ஸ்டார்ட்அப் ரிப்பேர்", "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்", "சிஸ்டம் ரீஸ்டோர்" மூன்றையும் இந்த வரிசையில் முயலுங்கள்.

எதுவும் ஆகவில்லை என்றால் மட்டும் ஃபார்மட். அதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கோளாறு வருமுன்பே, இன்றே, அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இன்ஸ்டால் செய்ய 8 ஜிபி பென் டிரைவ் போதும், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கருவி இருக்கிறது. "கிராக்" செய்த விண்டோஸ் போடச் சம்மதிக்காதீர்கள். ஆக்டிவேட் செய்யும் அந்தச் சிறு மென்பொருள் முதலில் டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். அதன் பிறகு அது என்ன செய்கிறது என்று பார்க்க யாருமில்லை.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை பிராசஸர். அது இல்லாத பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட வேண்டியதில்லை. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் உலாவி, மின்னஞ்சல், பிள்ளைகளின் பாடம், தமிழ் தட்டச்சு எல்லாம் நடக்கும். நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். வைஃபையும் பிரிண்டரும் அதில் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.